உட்காரச் சொன்னாயே, தம்பி

தம்பி,

நான் சுகமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். உன் அப்பா சுகமாக இருக்கிறார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, ஆகையால் அவர் என்றைக்கும் சுகம்தான். இப்போதும் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "எழுதுறதுன்னா எழுது. ஆனா கத்தாம எழுது" என்கிறார். தகரக் கூரைக்குக் கீழே மழைச் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பாடம் நடத்தியே தொண்டை போனவளிடம் கத்தாதே என்றால் எப்படி? இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேம்மா, பொறகு எடுக்குறேன்" என்பாய், பிறகு எடுக்க மாட்டாய். ஹட்டனில் மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னவன் நீ. பதிலையும் நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் எங்கள் ஆசிரியர்கள் நடத்தும் இதழுக்கே இதைக் கொடுக்கிறேன். மகன் கடல் தாண்டிப் போகும்போது தாய் எழுதுகிற கடிதம் என்றால், அவள் தன் குற்றம் குறைகளையெல்லாம் சொல்லி அழுது, கடைசியில் மன்னிப்புக் கேட்டு முடிப்பாள் என்று எதிர்பார்ப்பார்கள். அப்படி எதிர்பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

மற்றவர்களுக்கும் விஷயம் விளங்க வேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வருடா வருடம் இந்த மலைநாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விவாதப் போட்டி நடக்கிறது. நம் தோட்டப் பள்ளிகளோடு மலேசியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கனடாவிலிருந்தும் அணிகள் வந்து தமிழில் வாதாடுகின்றன. அதைத் தொடங்கியவள் நான். இன்றைக்குத் தலைமை தாங்கி நடத்துகிறவன் நீ. அடுத்த மாதம் அதன் அலுவலகத்தையே தூக்கிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போகிறாய். இனிமேல் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாட்டில் நடக்குமாம். நடக்கட்டும், ராசா. அதற்கு நான் கோபப்படவில்லை. வருகிற சனிக்கிழமை கொழும்பில் இறுதிச் சுற்று, அங்கே எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்களாம். அந்தப் பொன்னாடைக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஹட்டனில் நடந்த கூத்தைப் பேசி முடிக்க வேண்டும்.

நம் போட்டிக்கென்று ஆரம்பத்திலிருந்தே ஒரு விதி உண்டு. எதிரணியை மறுக்க எழுந்திருக்கிற பிள்ளை, முதலில் எதிரணி சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒப்புக்குச் சொன்னால் போதாது. எதிரணித் தலைவர் கேட்டுவிட்டு, ஆமாம், நாங்கள் சொன்னது அதுதான் என்று தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். தலையாட்டியதும் ஒரு மணி அடிக்கும். அப்போதுதான் பேசுகிறவருக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கும். இந்த வருடம் நீ கடிகாரத்தை முதல் சொல்லிலேயே ஓட விட்டாய். திருப்பிச் சொல்ல விரும்புகிறவர்கள் தங்கள் நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம், நேரம் முடிந்தால் ஒரு மணி, அத்தோடு உட்கார வேண்டும் என்று மாற்றிவிட்டாய். மாற்றியதை ஆங்கிலத்தில் அனுப்பினாய். தமிழ் விவாதப் போட்டிக்கு விதி ஆங்கிலத்தில்! கொழும்பிலும் டொரண்டோவிலும் எல்லோரும் படித்துத் தெரிந்துகொண்டார்கள். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியர் போனில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, தங்குமிடம் சாப்பாடு பற்றியதாக்கும் என்று மூடிவிட்டார். அவர்மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவருக்கு நான் அம்மா இல்லை.

முதல் நாள் முதல் போட்டியிலேயே அந்தப் பள்ளிக்காகப் பேச வந்தவள் தர்ஷினி. எதிரே கனடா அணி. ஊரை விட்டுப் போகிறவர்களே ஊரை உயர்த்துகிறார்கள் என்பது தலைப்பு. கனடா அணி ஆமாம் என்று பேசி முடித்திருந்தது. தர்ஷினி இல்லை என்று பேச வேண்டும். எழுந்தாள், வணக்கம் சொன்னாள், எதிரணி சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். என்ன சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். நீ அப்போது ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய், கேட்டிருக்க மாட்டாய். அவசரமில்லாமல், ஒன்றையும் விட்டுவிடாமல், அந்தப் பிள்ளை சொன்னது. கனடா அணித் தலைவன், அந்த உயரமான பையன், கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் மெதுவாகத் தலையாட்டினான். மணி அடித்தது. தர்ஷினி ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், உனக்கு நினைவிருக்கிறதா? அவள் தன் நேரம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். "இனி எங்கள் மறுப்பைக் கேளுங்கள்" என்று நிமிர்ந்தாள். நடுவர்கள் கையைக் காட்டினார்கள். அவள் அதையும் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பேசினாள். நீ ஒலிவாங்கியை எடுத்து, "நேரம் முடிஞ்சிருச்சும்மா, ஒக்காருங்க" என்றாய். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் ஆசிரியரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் நான் எழுந்தேன். "நேரம் இப்பத்தானே தம்பி ஆரம்பிக்குது! மணி இப்பத்தானே அடிச்சிச்சு!" என்றேன். நீ ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுக்கவுமில்லை. "அம்மா, ப்ளீஸ். நீங்களும் ஒக்காருங்க." நீங்களும்! மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பு, யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பில் தர்ஷினி உட்கார்ந்துவிட்டாள். பின் வரிசையில் அவளுடைய அம்மா, மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மகள் பேசுவதைப் பார்க்க வந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். பிறகு தேத்தண்ணி நேரத்தில் நீ வெளிநாட்டு விருந்தாளிகளிடம் ஆங்கிலத்தில், அம்மா பழைய ஆள், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாய். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எப்போதிலிருந்து நினைக்கத் தொடங்கினாய்? உனக்கு ஏ பி சி டி எழுதப் பழக்கியது யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று உன் வெளிநாட்டு நண்பர்கள் கேட்டால் என்ன சொல்கிறாய்? ஒரு பேட்டியில், கிரேக்கர்களிடமும் இப்படி ஒரு முறை இருந்ததாம் என்று நீ சொன்னதைப் படித்தேன். அடேயப்பா! கிரேக்கர்கள் எப்போது நோர்வூட் பக்கம் வந்தார்கள்? அது நம் லயத்துப் பீலியிலிருந்து வந்தது, தம்பி. மலையிலிருந்து குழாய் போட்டு இறக்கிய அந்த ஒற்றைப் பீலியில்தான் வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள் கொண்ட நம் லயம் முழுவதும் தண்ணீர் பிடித்தது, குளித்தது, துவைத்தது, சண்டையும் போட்டது. சண்டை முற்றினால் கோயில் முன்னால் உட்கார்வார்கள். அங்கே ஒரு வழக்கம். எதிராளி சொன்னதை முதலில் நீ சொல்ல வேண்டும். அவள் "ஆமா" என்றால்தான் உனக்குப் பேச வாய். யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. நான் ஆசிரியை ஆன புதிதில் பக்கத்துக் காம்பரா செல்வியக்காவோடு எனக்குத் தண்ணீர்ச் சண்டை வந்தது. டீச்சர் என்ற மிதப்பில் நான் அவருடைய வாளிக்கு முன்னால் என் வாளியை வைத்துவிட்டேன். கோயில் முன்னால் நின்று, "செல்வியக்கா என்னா சொல்றாங்கன்னா, எனக்குப் பள்ளிக்கூடம் வெயில் வந்த பொறகுதான். அவங்க விடியக்காலையில பெரட்டுக்குப் போய் பேர் குடுக்கணும். ஆள் பிரிக்கிற எடத்துல லேட்டா போய் நின்னா அன்னைக்கி வேலை இல்ல" என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்லவே என் பக்கத்தில் பேச ஒன்றுமில்லை என்று விளங்கிவிட்டது. செல்வியக்கா, "ஆமா, அதேதான். இப்ப நீ சொல்லு" என்றார். "வாளிய எடுத்துக்கிறேன்க்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரம்தான் நான் நம் பள்ளிக்கும் நோர்வூட் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கும் முதல் விவாதப் போட்டியை வைத்துக் கைசுட்டுக்கொண்டிருந்தேன். விவாதமா அது? ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவன் மேசையில் ஏறினான். ஒருவன் எதிரணித் தலைவியின் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல, அந்த அப்பா ஜன்னல் வழியாக உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கல்வி அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டீச்சர், உந்தத் தோட்டப் பிள்ளையளுக்கு முதல்ல வாசிக்கப் பழக்குங்கோ. பிறகு வாதாடலாம்" என்றார். அடுத்த மாதம் அவரையே கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்து, பீலி வழக்கத்தை விதியாக வைத்துப் போட்டியை நடத்தினேன். பிள்ளைகள் எதிரணி பேசும்போது வாயைப் பிளந்து கேட்டார்கள். கேட்காவிட்டால் திருப்பிச் சொல்ல முடியாதே! நடுவில் மழை கொட்டித் தகரத்தில் ஒன்றும் கேட்காமல் போனது. மழை விடும்வரை அத்தனை பேரும் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அடுத்த வருடம் அந்த அதிகாரி தன் பிள்ளையின் பள்ளியிலிருந்து ஒரு அணியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்படித்தான் அது வளர்ந்தது. மலேசியாவிலிருந்து சொந்தம் தேடி வந்த ஒரு ஆசிரியை தற்செயலாக ஒரு போட்டியைப் பார்த்தார். அவரும் தோட்டப் பள்ளியில் படித்தவர், அங்கே ரப்பர் தோட்டம். நம் முன்னோர்கள் ஒரே பக்கத்திலிருந்து வேறு வேறு கப்பலில் ஏறியவர்கள்தானே. மறு வருடம் பிள்ளைகளோடு வந்து ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். கூட்டிவர வேன் ஏது? உன் அப்பா தோட்டத்து லாரியைக் கொண்டுபோனார். கொழுந்துச் சாக்குக்கு மேலே உட்கார்ந்து மலேசியப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததும், லயத்தில் வீட்டுக்கு ஒருவராகத் தங்கியதும், அட்டை கடித்த காலைப் பார்த்து ஒருவன் ஓவென்று அழுததும், உன் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு நீ கீழே படுத்துக்கொண்டதும் உனக்கு மறந்திருக்காது. சர்வதேசம் என்ற பெரிய சொல்லை நம் போட்டிக்கு வைத்தது உன் அப்பாதான். "வெளிநாட்டுலருந்து வந்துட்டாங்கல்ல, அப்ப சர்வதேசந்தான்" என்று லாரியின் முன்னால் சுண்ணாம்பில் எழுதிவிட்டார். இன்றைக்கு உங்கள் பதாகையில் தங்க எழுத்தில் மின்னுகிறதே, அது அந்தச் சுண்ணாம்பு எழுத்துதான்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ இறுதிச் சுற்றில் பேசிய வருடம். எதிரே மலேசிய அணியின் ஒரு சிறுமி. அவர்கள் ஊரில் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதைப் பற்றி அவள் திக்கித் திணறிப் பேசி உட்கார்ந்தாள். நீ எழுந்து அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னாய். அவள் சொல்ல நினைத்து வாய்க்கு வராமல் போனதையெல்லாம் சேர்த்துச் சொன்னாய். காலியான வகுப்பறையில் ஒரே ஒரு பிள்ளைக்கு வாத்தியார் பாடம் நடத்துவதை நீ சொன்னபோது அந்தச் சிறுமி தலையாட்டிக்கொண்டே அழுதாள். மண்டபம் முழுவதும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ என்ன மறுத்தும் எடுபடவில்லை. கோப்பை மலேசியாவுக்குப் போனது. மறுநாள் காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அம்மா, அவங்கள ஜெயிக்க வெச்சது நாந்தாம்மா" என்றாய். எனக்கு அப்படி ஒரு பெருமை, வாய்விட்டுச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய்.

ஆகவே, விதிப்படி, உன் பக்கத்தை நான் முதலில் சொல்கிறேன். கேட்டுக்கொள். தம்பி என்ன சொல்கிறான் என்றால்: அம்மா, அந்த விதியால் நான் தோற்றேன். தோற்றது போகட்டும். பல்கலைக்கழகத்துக்குப் போனேன், அங்கே விவாதத்தில் எழுந்து எதிராளி சொன்னதை நியாயமாகச் சொல்லத் தொடங்கினேன், இவன் யார் பக்கம் என்று சிரித்தார்கள். வேலைக்குப் போனேன், கூட்டங்களில் மற்றவர் சொன்னதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் என் யோசனையைத் தன் யோசனை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வெளியே யாரும் யாருக்காகவும் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஏற்கெனவே நேரம் குறைவு. அதிலும் பாதியை எதிரிக்குக் கொடு என்று பழக்கி அனுப்பினால், அவன் போகிற இடமெல்லாம் நான் அடிபட்ட மாதிரி அடிபடுவான். நம் தோட்டத்துப் பிள்ளைகள் அடிபடக் கூடாது என்றுதான் விதியை மாற்றினேன். உங்களை அவமதிக்க மாற்றவில்லை. உலகத்தில் எல்லாப் போட்டிக்கும் உள்ள விதிதான் இனி இதற்கும்.

சரியாகச் சொன்னேனா? தலையாட்டினாயா? உன்னை எனக்குத் தெரியும், ஆட்டியிருப்பாய். கொஞ்சம் கண்ணும் கலங்கியிருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கும் கலங்கியது, மறைக்கவில்லை. சரி. மணி அடித்தாயிற்று. இனி என் நேரம், குறுக்கே பேசாதே.

உலகத்தில் எல்லாப் போட்டிக்கும் உள்ள விதி என்கிறாயே, அந்தப் போட்டிகளுக்கு உலகத்தில் பஞ்சமா? டீவியைப் போட்டால் ராத்திரி எட்டு மணிக்கு நாலு பேர் ஒருத்தன் காதில் ஒருத்தன் கத்துகிறான். அதைப் பார்க்கக் கனடாவிலிருந்து பிளேன் ஏறி, கொழும்பிலிருந்து ரயில் ஏறி, இந்தக் குளிரில் யாராவது வருவார்களா? அட்டைக்கடி வாங்கவா வந்தார்கள்? இந்த ஒரு விதிக்காக வந்தார்கள். வேறெங்கும் இல்லாத ஒன்று நம்மிடம் இருந்தது. அதை உலகத்துக்குக் கொண்டுபோகப் பெட்டி கட்டியவன், கிளம்புவதற்கு முன்னால் அதையே வெளியே எடுத்துப் போட்டுவிட்டாய். இப்போது பெட்டியில் என்ன இருக்கிறது? கோப்பையும் பதாகையும். அவை எல்லோரிடமும் இருக்கின்றன.

அதை விடு. நம் ஆட்களைப் பற்றி இந்த நாட்டில் பேசாதவர் யார்? தொரைமார் பேசினார்கள். அரசாங்கம் பேசியது. தொழிற்சங்கத்துக்காரர்கள் மேடை போட்டுப் பேசினார்கள். ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேமராவோடு வந்தவர்கள் லயத்து வாசலில் நின்று பேசினார்கள். எங்களுக்கு என்ன வேண்டும், எங்களுக்கு என்ன குறை, நாங்கள் ஏன் முன்னேறவில்லை, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். இத்தனை பேரில், "நீங்க சொன்னது இதுதானே?" என்று எங்களிடம் திருப்பிக் கேட்டு, நாங்கள் தலையாட்டும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றவர் ஒருவரைக் காட்டு! எனக்குத் தெரிந்து அப்படி நின்றவர்கள் நம் மண்டபத்தில் மட்டும்தான் நின்றார்கள். பணக்காரப் பள்ளிப் பிள்ளையாக இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையாக இருந்தாலும், தோட்டத்துப் பிள்ளை தலையாட்டுகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் நான் அந்தப் போட்டியைத் தொடங்கினேன். பேச்சுத் திறமை வளர்க்க என்று அழைப்பிதழில் போட்டது சும்மா.

நீ அடிபட்டாய் என்கிறாய். அடித்தவனைக் கேட்காமல், உனக்குக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவளை உட்காரச் சொல்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்? பல்கலைக்கழகத்தில் சிரித்தவர்கள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள்? நீ இந்தப் போட்டியின் தலைவனாக இருக்கிறாய். நாலு நாட்டுக்காரர்கள் ஒரு மேசையில் சண்டை பிடித்தால், நீ ஒவ்வொருவர் சொன்னதையும் எடுத்துச் சொல்லி அவர்களைச் சேர்த்துவைப்பாய் என்று உன் மலேசிய நண்பர் என்னிடமே சொன்னார். அந்த வேலையை உனக்குப் பழக்கியது எது? அதைக் கொண்டு மேலே ஏறிவிட்டு, ஏறியதும் ஏணியை இழுத்துக்கொண்டாய். எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தப் பேனா உடைந்தாலும் ஆச்சரியமில்லை. அப்பா இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்திருக்கிறார். எழுதியதைப் படித்துவிட்டு, "கத்துற, ஆனா நியாயமா கத்துற" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை வட்டகொடைக்குப் போனேன். அந்தப் பள்ளியில் ஞாயிறு காலை விவாதப் பயிற்சி நடக்கும். எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள், தர்ஷினி வரவில்லை. லயத்துக்குத் தேடிப் போனேன். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மரியாதை குறையாமல்தான் சொன்னார்: "இனிமே அவள அனுப்பல டீச்சர். கோவிச்சுக்காதீங்க. புள்ள நல்லாத்தான் பேசுச்சு. நல்லா பேசுனதுக்கு இப்பிடியா? அன்னையிலருந்து பள்ளிக்கூடத்துலயும் வாயத் தெறக்க மாட்டேங்குறாளாம்." நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் விறகை அடுக்கிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எதிரணிக்கு நியாயமா பேசுனது என் தப்பா டீச்சர்?" இத்தனை வருடமாக நடுவராக உட்கார்ந்தவள் நான். இல்லை என்று நான் சொல்லலாம். நான் சொல்லி என்ன? உட்கார வைத்தது நானில்லையே.

அவள் அன்றைக்கு என்ன பேசினாள் என்று பிறகு சொல்கிறேன் என்றேன், இல்லையா? இப்போது சொல்கிறேன். ஊரை விட்டுப் போகிறவர்களுக்காக அந்தப் பிள்ளை இப்படிச் சொன்னாள்: "போகிறவர்கள் சந்தோஷமாகப் போவதாக நாம் நினைக்கிறோம். அவர்கள் தங்களுக்காக மட்டும் போவதில்லை என்று எதிரணியினர் சொல்கிறார்கள். ஊரில் ஒருவரும் திறக்காத கதவை ஒருவர் வெளியே போய்த் திறக்கிறார். உள்ளே இருக்கிறவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிகிறது. அதனால் நம்மைவிட்டுப் போகிறார் என்று திட்டுகிறோம். நமக்கு முன்னால் போகிறார் என்று நினைப்பதில்லை. திரும்பி வரும்போது அவருக்குத் தன் ஊரிலேயே விருந்தாளி நாற்காலிதான் கிடைக்கிறது. அந்த வலியையும் கணக்கில் எடுங்கள் என்று கேட்கிறார்கள்." கனடாப் பையன் தலையாட்டியது இதற்குத்தான். அவனுக்கு மட்டுமா அது? மேடையில் காகிதம் புரட்டிக்கொண்டிருந்த உனக்கும்தான். உன் பக்கத்தை நான் இதில் ஒரு பத்தியில் சொன்னேனே, நான் சொன்னதைவிட அவள் நன்றாகச் சொன்னாள். நீ போவதைப் பற்றி இந்த ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். உனக்காகத்தான் பேசுகிறோம் என்று தெரியாமலே உனக்காக நியாயம் பேசிய ஒரே பிள்ளை அவள். அவளைத்தான் தம்பி நீ மணியடித்து உட்கார வைத்தாய்.

ஆகையால் கேள். சனிக்கிழமை கொழும்புக்கு நான் வருவதும் வராததும் உன் கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் நீ வட்டகொடைக்கு வா. காரில் வராதே, அந்த லயத்துக்குக் கார் ஏறாது, ரயிலில் வந்து நட. தர்ஷினி வீட்டு வாசலில் அவளுக்கு முன்னால் நின்று, அவள் பக்கத்தை நீ உன் வாயால் சொல்ல வேண்டும். மணி அடித்தபோது அவள் என்ன நினைத்தாள், ஏன் சிரித்தாள், மண்டபம் சிரித்தபோது அவளுக்கு எப்படி இருந்தது, எல்லாம். மன்னிப்புக் கேட்பது சுலபம், அதை யாரும் கேட்டுவிட்டுப் போவார்கள். நீ திருப்பிச் சொல். அவள் தலையாட்டினால், உன் நியாயத்தை அவளிடமே பேசு, புது விதி ஏன் வேண்டும் என்று அவளிடமே வாதாடு. அவள் பதில் சொல்வாள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அப்புறம் நான் உன்னோடு கொழும்புக்கு வந்து, நீ எந்த நிறத்தில் பொன்னாடை வாங்கியிருந்தாலும் போர்த்திக்கொள்கிறேன். வராவிட்டால் அதை மேடையில் ஒரு வெற்று நாற்காலிக்குப் போர்த்திவிடு. நாற்காலி எழுந்து நின்று உன்னைக் கேள்வி கேட்காது.

முதல் தடவை சொல்லும்போது அவள் தலையாட்ட மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கோபமாக இருக்கிறாள், என்னைப்போல. இரண்டாவது தடவை சொல். அப்போதும் ஆட்டாவிட்டால் திண்டாடிப் போய் என்னைப் பார்க்காதே, மறுபடியும் சொல். நான் அங்கேதான் நிற்பேன். உட்கார மாட்டேன். அவள் தலையாட்டும்வரை மணியும் அடிக்க மாட்டேன்.

அம்மா